குலவை போடாத ஊர்

கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கியதும் என் மூக்குக்குத்தான் முதல் வரவேற்பு. வெல்லப்பாகில் கடலை புரளும் வாசனை ஒரு பக்கம், தீப்பெட்டி மருந்தின் காரநெடி ஒரு பக்கம். ஒன்று வா என்றது, இன்னொன்று யோசித்து வா என்றது. நான் கடலைமிட்டாயின் பேச்சைத்தான் கேட்டேன். ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன்.

மலேசியாவில், கிள்ளானில், ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்சார வேலை சொல்லிக்கொடுக்கிறவள் நான். சூரியத் தகடுகளைப் பராமரிக்கப் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு தொடங்க வேண்டும் என்று எங்கள் தலைவருக்கு ஆசை. இனிமேல் வரப்போகிற வேலையெல்லாம் இந்தப் பக்கம்தான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சூரிய மின்நிலையத்தை முழுக்கப் பெண்களே நடத்துகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, "உங்கள் அம்மா வழி அந்தப் பக்கம்தானே, போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுங்கள்" என்றார். கப்பலேறிப் போனவருடைய கொள்ளுப்பேத்தியிடம் வழி கேட்கிற கதைதான். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் போன ஊரின் பெயரை மட்டும் இங்கே எழுத மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் நாள் இரவு பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாயை விரலால் நாசூக்காகப் பிய்த்து, பருப்புக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவோம். இங்கே பரோட்டாவை உள்ளங்கையால் அடித்து நொறுக்கி, சால்னாவை அணை உடைந்த மாதிரி ஊற்றி, "பிசைஞ்சு சாப்பிடுங்கம்மா, வெக்கப்படாதீங்க" என்றார் பரிமாறியவர். வெட்கப்படவில்லை. மூன்றாவது பரோட்டாவை அவராகவே வைத்தார்.

மறுநாள் காலை ஆட்டோவில் கிளம்பினேன். ஓட்டுநர் வேலுச்சாமி அண்ணாச்சி வழியெல்லாம் தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பாதித் தூரத்தில் சீமைக்கருவேல முள் ஏறி டயர் காற்றுப் போனது. அவர் சக்கரத்தைக் கழற்ற, நான் பக்கத்துப் பருத்திக் காட்டுக்குள் நாலடி வைத்தேன்.

கரிசலை அதற்கு முன் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தை மாதம். மழை ஏமாற்றிவிட்ட வருடம். பருத்தி முழங்கால் உயரம்கூட இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குனிந்தபோது பையிலிருந்த பேனா ஒரு வெடிப்புக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. எனக்கு என்னவோ போலாகி, வேகமாகச் சாலைக்கு ஏறிவிட்டேன்.

சாலையோர டீக்கடையில் ஆடு மேய்க்கும் இருவர் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. இந்தம்மாவும் பறவ மாதிரி எடம் தெரியாம எறங்கிட்டாவளோன்னு பேசிக்கிடுதாவ."

"அப்படின்னா?"

அவர் டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஊரை நெருங்கும்போது கிழக்கே பெரிய நீர்ப்பரப்பு ஒன்று பளபளத்தது. எங்கள் கிள்ளானில் தண்ணீர் வேண்டாத இடத்தில்கூட வந்து நிற்கும். மத்தியானமானால் மழை, மழை விட்டால் கொசு. அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு இந்த வறட்டு நிலத்தில் தண்ணீரைக் கண்டதும் அப்பாடா என்று இருந்தது. "எவ்வளவு பெரிய குளம்!" என்றேன்.

"அது கொளம் இல்லம்மா. தகடு" என்றார் அண்ணாச்சி.

மின்நிலையத்து வாசலில் சண்முகக்கனி காத்திருந்தாள். வேலை பார்க்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, சட்டைப் பையில் ஒரு சாவி. ஐ.டி.ஐ.யில் மின்சாரப் பிரிவு படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள். இப்போது தகடு கழுவுவது, கம்பிகளைச் சோதிப்பது, பழுது பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஊர்ப் பெண்களைத் தானே பழக்கி வைத்திருக்கிறாள். ஊர்க் கண்மாய்க் குழுவுக்கும் அவள்தான் தலைவி.

உள்ளே நடந்தோம். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகத் தகடுகள். மனிதச் சத்தம் இல்லை. நாய் இல்லை, காக்கை இல்லை, ஓணான்கூட இல்லை. திடீரென்று என்னைச் சுற்றி ஒரு முனகல் கேட்டது. அத்தனை தகடுகளும் ஒரே சமயத்தில் கொஞ்சமாய்த் திரும்பி, பழையபடி நின்றன. சூரியனைப் பின்தொடரும் மோட்டார்தான், என் வகுப்பிலேயே நான் படம் போட்டு விளக்குவதுதான். இருந்தாலும் ஒரு கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

பெண்கள் நீளக் கம்புத் துடைப்பங்களோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கைஜாடையில் பேசிக்கொண்டார்கள். பத்துப் பெண்கள் கூடி வேலை செய்யும் இடத்தில் ஒரு சிரிப்பு, ஒரு ஏச்சு, ஒரு பாட்டு இருக்காதா? மத்தியானம் கம்மங்கஞ்சியும் சின்ன வெங்காயமும் சுட்ட கருவாடும் எடுத்து வைத்தபோதுதான் வாய் திறந்தார்கள். தண்ணீர் டிராக்டர் ஓட்டும் பேச்சி என்னைப் பார்த்து, "ஒங்க ஊர்ல கருவாடு தின்பாவளாக்கா?" என்றாள். "எங்கள் ஊர் நெத்திலிக் கருவாட்டை நீ பார்த்ததில்லை" என்றேன். "அப்ப ஏன் வெறுங்கையோட வந்தீய?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த உடனே வாயைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார்கள்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, காளியம்மன் கோயிலில் பொங்கல். என்னையும் கூப்பிட்டார்கள். மேளம் இருந்தது, மஞ்சளும் கரும்பும் இருந்தன. பெண்கள் பானையைச் சுற்றி நின்றார்கள். பானை பொங்கி நுரை விளிம்பைத் தாண்டியது. ஒருத்தியும் குலவை போடவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. கிள்ளான் மாரியம்மன் கோயில் திருவிழாவில் என் குலவைக்குத் தனி மரியாதை உண்டு. அம்மா சொல்லிக்கொடுத்தது. இவர்கள் கூச்சப்படுகிறார்கள், நான் தொடங்கினால் சேர்ந்துகொள்வார்கள் என்று நினைத்து, மூச்சைப் பிடித்து, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை இட்டேன்.

மேளம் நின்றது. பெண்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். பேச்சி பாய்ந்து வந்து என் வாயை உள்ளங்கையால் அழுத்தினாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொங்கல் அடுப்பில் வழிந்து கருகும்வரை எல்லாரும் அப்படியே மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் சண்முகக்கனி என்னைக் கண்மாய்க்கரைக்கு அழைத்துப் போனாள். மின்நிலைய வேலியை ஒட்டித்தான் கண்மாய். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில்கூட வெடிப்புதான்.

"வருசா வருசம் இங்க நாரை வரும்க்கா. செங்கால் நாரை, கூழக்கடா எல்லாம். ராத்திரியெல்லாம் பறந்து விடியுத நேரத்துக்கு வந்து சேரும். மொத நாரையக் கண்டதும் நாங்க பொம்பளைய எல்லாரும் கரையில ஏறிக் குலவ போடணும். குலவ கேட்டாத்தான் எறங்கும்னு ஒரு இது. நாரை எறங்கினா அந்த வருசம் ஊருக்குக் கொறையில்ல."

"சரி."

"இந்த ஆலை வந்தப்ப ரோடு போட்டாவ. போட்டப்ப கண்மாய்க்குத் தண்ணி வார வாய்க்கால மண்ணப் போட்டு மேவிட்டாவ. எடுத்து விடுங்கன்னு எழுதிக் குடுத்தோம். பாப்போம் பாப்போம்னாவ. அந்த வருசமும் நாரை வந்துது. நாங்க தகடு கழுவிக்கிட்டு இருக்கோம், அப்ப விடிஞ்சும் விடியல. மேல பாத்தா வரிசையா வருது. எங்களுக்குக் கைகாலு ஓடல. கையில தொடப்பத்தோட நின்னு எல்லாரும் குலவ போட்டோம்க்கா."

முந்தின நாள் குளம் என்று நான் வாய் பிளந்தது நினைவுக்கு வந்தது.

"தண்ணின்னு நெனச்சுத் தகட்டு மேல எறங்கிட்டு. இறக்கைய மடக்கி, கால நீட்டி, அப்படியே வந்து விழுந்துது. நாங்க பதறிப்போயி இன்னும் சத்தமாக் கத்துதோம், அது இன்னும் வருது. சாக்குல அள்ளிக் கொண்டுபோய்ப் பொதச்சோம். நாங்கதான கூப்பிட்டோம்? அதுலேருந்து ஊர்ல எவளும் குலவ போடுததில்ல. கல்யாணத்துக்கும் இல்ல, கோயிலுக்கும் இல்ல."

"நீங்கள் கூப்பிடாவிட்டாலும் அது இறங்கியிருக்கும், கனி."

"தெரியும்க்கா. படிச்சவதான நானும். ஆனா வாய் வரமாட்டேங்கு."

வெளியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செத்த நாரையைப் பற்றி மூச்சு விட்டால் உங்களை நிறுத்திவிட்டு வெளியூர் ஆண்களை இறக்கிவிடுவோம் என்று மின்நிலைய மானேஜர் சொல்லியிருக்கிறார். "இவளுவளை எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ்லேருந்து கூட்டிட்டு வந்தது நான். கழுத்துல அட்டையப் போட்டு, நீ டெக்னீசியன்னு சொல்லி நிமிர வச்சிருக்கேன். என்னால ஒருத்திக்கு வேல போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட தெருவுல நடப்பேன்?" என்றாள்.

அவள் சும்மா இருந்துவிடவும் இல்லை. நாரை வரும் பருவத்தில் தினமும் விடியலுக்கு முன் வந்து, சாவி போட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மல்லாந்து கிடக்கும் தகடுகளையெல்லாம் ஓரம் சாய்த்து நிமிர்த்திவிடுகிறாள். மேலிருந்து பார்த்தால் தண்ணீராகத் தெரியாது. பறவைகள் போன பிறகு பழையபடி விடுவாள். மின்சாரம் கொஞ்சம் குறையும். மானேஜர் கேட்டால் மோட்டார் சிக்கிக்கொண்டது என்பாள். நான் எத்தனையோ பாடத்திட்டம் எழுதியிருக்கிறேன். எதிலும் இந்தப் பாடம் இல்லை.

"நாளைக்குத்தான் பயமா இருக்கு. கம்பெனி மேலிடத்துலேருந்து ஆளுவ வாராவ. படம் பிடிக்கப் போறாவளாம்" என்றாள்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே வேன் வந்துவிட்டது. மூன்று விருந்தினர்கள், ஒரு பறக்கும் கேமரா. மானேஜர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அங்குமிங்கும் ஓடினார். அவரும் யாருக்கோ பயந்தவர்தான். பெண்களை வரிசையாக நிறுத்தினார். "தகடெல்லாம் படுத்தே கிடக்கட்டும். சூரியன் வார நேரத்துல மேலேருந்து எடுத்தா தண்ணி மாதிரி இருக்குமாம். கனி, இன்னைக்கு மோட்டார் சிக்கக் கூடாது, பாத்துக்க" என்றார். அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

கிழக்கு வெளுத்தது. வெளிச்சம் ஏற ஏறத் தகடுகள் நிறம் மாறின. கறுப்பாகக் கிடந்தது சாம்பலாகி, சாம்பல் நீலமாகி, கடைசியில் அலையில்லாத தண்ணீராகவே ஆகிவிட்டது. தகடு என்று தெரிந்த என் கண்ணுக்கே அது தண்ணீர்தான். அப்போது வடக்கே புள்ளிகள் தெரிந்தன.

பெண்கள் ஒருவரும் அசையவில்லை. துடைப்பக் கம்புகளை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். புள்ளிகள் பறவைகளாயின. தலைக்கு மேல் இறக்கை விசிறும் சத்தம் கேட்டது. விருந்தினர்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாரை கால்களை நீட்டிக்கொண்டு, அவ்வளவு நம்பிக்கையோடு இறங்கியது. நாலு வரிசைக்கு அப்பால் தொப்பென்று ஒரு சத்தம்.

"கனி, வேண்டாம்" என்றார் மானேஜர்.

அவள் அதற்குள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஓடிச் சாவியைத் திருப்பிவிட்டாள். தகட்டுக் காடு முழுவதும் முனகியது. தகடுகள் எல்லாம் ஒன்றாய் எழுந்து ஓரமாகத் திரும்பின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் போய்விட்டது. இறங்கிக்கொண்டிருந்த பறவைகள் காற்றில் தடுமாறி, கழுத்தை வளைத்து, மறுபடி மேலே ஏறின.

விருந்தினர் ஒருவர் கைதட்டினார். தங்களுக்காகவே செய்து காட்டிய வித்தை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இங்கிலீஷில் மானேஜரிடம் ஏதோ சொன்னார். மானேஜர் அதைத் தமிழில் சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்காம். திரும்பப் படுக்க வச்சு இன்னொரு தடவ காட்டச் சொல்லுதாவ."

எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. சண்முகக்கனி சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டாள். "நாரை போகட்டும் சார்" என்றாள்.

நாரைகள் போகவில்லை. சுற்றின. வெயில் ஏறியும் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. கூப்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை. அவற்றின் நிழல் மட்டும் எங்கள் மேல் விழுந்து விழுந்து நகர்ந்தது. "போறதுக்கு ஒரு எடம் இருந்தாத்தான போகும்" என்றாள் பேச்சி.

"ஏட்டி பேச்சி, வண்டிய எடு" என்றாள் சண்முகக்கனி.

தகடு கழுவும் தண்ணீர் டிராக்டர் வேலிக் கதவைத் தாண்டிக் கண்மாய்க்குள் இறங்கியது. மானேஜர் பின்னாலேயே ஓடினார். "அது கழுவுத தண்ணி! காசு குடுத்து வாங்கினது!" நாங்கள் எல்லாரும் நடந்தோம். மடையோரப் பள்ளத்தில் பேச்சி குழாயைத் திறந்தாள்.

அந்தச் சத்தத்தை நான் மறக்கப் போவதில்லை. தண்ணீர் தரையில் நிற்கவே இல்லை. வெடிப்புகளுக்குள் பாய்ந்து காணாமல் போனது. காலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், எதுவோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். ஒரு வண்டித் தண்ணீரும் தீர்ந்தது. மேலே ஈரத் தடம்தான் மிச்சம். பெண்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். நானும்தான்.

பேச்சி மின்நிலையத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் இரண்டாவது வண்டியைக் கொண்டுவந்தாள். அதையும் மண் குடித்தது. "எல்லாரு வேலையும் போயிரும், சொல்லிட்டேன்" என்று மானேஜர் கத்தினார். சண்முகக்கனி தன் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். போகிறவள் போகலாம் என்கிற பார்வை. ஒருத்தி போய் மூன்றாவது வண்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கல்லும் கட்டியும் பொறுக்கிப் பள்ளத்தைச் சுற்றி அணை போட்டார்கள். மெல்ல மெல்ல வெடிப்புகளின் உதடுகள் இளகி, ஊதி, ஒட்டிக்கொண்டன. ஒரு நெற்களம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதில் வானம் தெரிந்தது.

நாரைகள் இறங்கவில்லை. ஒரு தரம் ஏமாந்த பிறவி அல்லவா?

பெண்கள் சண்முகக்கனியைப் பார்த்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் என் கையைப் பிடித்தாள். "எறங்கி எதும் ஆயிட்டுன்னா?" என்றாள்.

அவள் கரையில் ஏறினாள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். முதலில் ஒரு கீறல், பிறகு ஒரு விம்மல், பிறகு குலவை. பேச்சி சேர்ந்துகொண்டாள். ஒவ்வொருத்தியாகக் கரை ஏறினார்கள். அழுகையா குலவையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தச் சத்தம் ஊருக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். ஊர்ப்பக்கமிருந்தும் பெண்களின் குரல் வந்தது. நான் வாய் திறக்கவில்லை, அது என் வேலையல்ல.

ஒரு நாரை வட்டத்தைக் குறுக்கியது. கால்களை நீட்டியது. பெண்கள் கண்களை மூடிக்கொண்டு குலவை போட்டார்கள். தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள்.

விருந்தினர்களின் வேன் போய்விட்டிருந்தது. மானேஜர் மட்டும் கரைக்கு வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "மத்தவளுவள நான் எப்படியாவது பேசி வச்சுக்கிடுதேன். ஒன்ன முடியாது, கனி. நாளையிலேருந்து ஒனக்கு இங்க வேல கெடையாது" என்றார்.

அவள் வாதாடவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றினாள், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள். இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"சரி சார். அப்ப இனி நீங்கதான் வரணும். விடியுததுக்கு முந்தியே வந்து தகட்டத் திருப்பிப் போட்டிருங்க. நாரை வந்துக்கிட்டேதான் இருக்கும்."

மானேஜர் கையை விரிக்கவில்லை. வடக்கு வானத்தைப் பார்த்தபடி நின்றார்.